இங்கிலீஷ் ‘வீ’ என்றால் நாமா, நாங்களா? பையர் மெயிலை முதலாளிக்கு எப்படிச் சொல்வது?

நொய்யல்கரை, திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர், அதாவது சரக்கை வாங்குகிற கம்பெனி, அனுப்பும் மெயிலைப் படித்து முதலாளிக்குத் தமிழில் சொல்வதும், அவர் சொல்வதை இங்கிலீஷில் எழுதி அனுப்புவதும் தினப்படி வேலை. நிட்டிங், டையிங், நூல் விலை எல்லாம் அவருக்கு அத்துப்படி, மெயில் மட்டும் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். நான் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் அவர் எடுக்கிற முடிவே மாறிவிடும்.

இப்போது விஷயம். ஒரு டி-ஷர்ட் ஆர்டர். லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவல் பையர் பக்கமிருந்தே தாமதமாக வந்தது. அப்புறம் டையிங் யூனிட்டில் ஒரு லாட் ஷேடு மாறி மறுபடி சாயத்துக்குப் போனது. இரண்டும் சேர்ந்து தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியாத நிலைமை. நேற்று பையரிடமிருந்து மூன்று வரி வந்தது. அப்படியே தருகிறேன்:

“வீ வில் ஹேவ் டு ஏர் திஸ் ஆர்டர். வீ நீட் டு அக்ரீ ஆன் த காஸ்ட் திஸ் வீக். வீ ஹேவ் ஆல்ரெடி இன்ஃபார்ம்டு த வேர்ஹவுஸ்.”

சரக்கை விமானத்தில் அனுப்பியாக வேண்டும், இந்த வாரத்துக்குள் செலவைப் பேசி முடிக்க வேண்டும், கிடங்குக்குச் சொல்லியாகிவிட்டது. இதெல்லாம் புரிகிறது. ஆனால் யார்? முதல் வரியில் இருக்கிற ‘வீ’ அவர்கள் மட்டுமா, அவர்களும் எங்கள் கம்பெனியும் சேர்ந்தா, இல்லை ‘நீங்கள்’ என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்களா? எங்கள் மேனேஜர் “மொத்தத்தையும் நம்ம தலையில கட்டறாங்க” என்கிறார். எனக்கு என்னவோ “நாங்கள் ஏரில் எடுத்துக்கொள்கிறோம்” என்கிற மாதிரிதான் படுகிறது. ஏர் ஃப்ரைட், அதாவது விமானக் கட்டணம், யார் கட்டுவது என்பது இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அம்முச்சி வாசலில் நின்றுகொண்டு “நாம கோயிலுக்குப் போறோம்” என்றால் நான் கிளம்ப வேண்டும், “நாங்க போறோம்” என்றால் நான் வீட்டிலேயே இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். இங்கிலீஷ்காரர்கள் இதை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறார்கள்? ஏதாவது விதி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொன்னால் இன்றைக்குள் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவேன், காத்துக்கொண்டிருக்கிறார்.


கரட்டூர், கோபி:

தம்பி, நான் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறவன், பிள்ளைகள் இதைக் கேட்காத வருடமே இல்லை. முதலில் கசப்பான பதில்: ‘வீ’ என்ற சொல்லுக்குள் அந்தத் தகவல் இல்லை. பேசுகிறவர் அதில் நிச்சயம் உண்டு, அவரோடு வேறு யாரோ உண்டு, அவ்வளவுதான் அந்தச் சொல் தரும் செய்தி. கேட்கிறவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைச் சுற்றியிருக்கிற பேச்சுத்தான் சொல்ல வேண்டும். பழைய இங்கிலீஷில் இரண்டே பேரைக் குறிக்க ‘விட்’ என்று ஒரு சொல் இருந்தது, 13ஆம் நூற்றாண்டோடு அது வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அதுவும் எண்ணிக்கையைத்தான் காட்டியது, கேட்பவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அப்போதும் அவர்கள் பிரிக்கவில்லை.

அப்படியானால் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்றால், வினையைப் பார்த்துத்தான். அந்தக் காரியத்தைச் செய்யக்கூடியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மெயிலில் மூன்றாவது வரி: கிடங்கு அவர்களுடையது, அதற்குத் தகவல் சொன்னது அவர்கள், நீங்கள் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே அது ‘நாங்கள்’. இரண்டாவது வரி: ‘அக்ரீ’ என்றால் ஒத்துக்கொள்வது, அதற்கு இரண்டு தரப்பு வேண்டும், தனக்குத் தானே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அது ‘நாம்’. முதல் வரிதான் சிக்கல், ஏனென்றால் விமானத்தில் அனுப்புகிற காரியத்தை இரண்டு தரப்பும் செய்யலாம், அவர்களுடைய ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) மூலமாகவும் போகலாம், உங்களுடையவர் மூலமாகவும் போகலாம். அங்கே வினை உங்களைக் கைவிட்டுவிடுகிறது. பக்கத்து வரியில் ‘நாம்’ என்று இருப்பதால் இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பத்திக்குள் இந்தச் சொல் ஆள் மாறி மாறி நிற்கும், எழுதுகிறவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

சந்தேகமே வராத இடங்களும் உண்டு, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘லெட்ஸ்’ என்று சுருக்கி வந்தால் கேட்பவர் கட்டாயம் உள்ளே. ஆனால் அதையே விரித்து ‘லெட் அஸ் கோ’ என்று சொன்னால் இரண்டு பொருள் வந்துவிடும், ‘வாருங்கள் போகலாம்’ என்றும் ஆகும், ‘எங்களைப் போக விடுங்கள்’ என்றும் ஆகும். பிடித்து வைத்திருப்பவரிடம் கெஞ்சுகிறவன் ஒருநாளும் ‘லெட்ஸ் கோ’ என்று கெஞ்ச மாட்டான். ‘ஷல் வீ’ என்று கேள்வியாக வந்தால் பெரும்பாலும் நாம்தான். ‘டெல் அஸ்’, ‘ஜாயின் அஸ்’ என்று ஏவலாக வந்தால் கேட்பவர் வெளியே, ஏனென்றால் சொல்ல வேண்டியவரும் வந்து சேர வேண்டியவரும் அவர்தானே. ‘கேன் வீ கம் இன்’ என்று கதவைத் தட்டுகிறவர்கள் உள்ளே இருப்பவரைச் சேர்த்துச் சொல்லவில்லை.

மேனேஜர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ‘வீ’ என்று சொல்லிவிட்டு ‘நீ’ என்று பொருள் கொள்கிற வழக்கம் இங்கிலீஷில் நன்றாகவே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோயாளியிடம் “ஹவ் ஆர் வீ டுடே” என்பார், காய்ச்சல் நர்ஸுக்கு இல்லை. மேலதிகாரி “வீ நீட் டு ஃபினிஷ் திஸ் பை ஃப்ரைடே” என்றால் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியது கீழே இருப்பவர். நம் பக்கத்திலும் இது இருக்கிறதே, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் “நமக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டால் உங்கள் ஊரைத்தானே கேட்கிறார். மரியாதைக்காக நெருங்கி வந்து நிற்கிற பேச்சு அது. பையர் எழுதியது அப்படிப்பட்ட மரியாதையா, இல்லை உண்மையிலேயே பொறுப்பேற்கிறாரா என்பதை அந்த வரியை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது, இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவராலும் முடியாது. கேட்டுவிடுவது ஒன்றே வழி.


கன்டெய்னர்புள்ளி, தூத்துக்குடி ரோடு:

இலக்கணம் எனக்குத் தெரியாதுங்க, ஷிப்பிங்கில் இருக்கிறேன், காசு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். எஃப்.ஓ.பி. ஆர்டர் என்றால் கப்பலில் சரக்கு ஏறும்வரை உங்கள் செலவு, அதற்குமேல் கடல் ஃப்ரைட் பையருடையது. ஏர் என்று மாறுகிறபோது யாரால் தாமதம் என்ற பேச்சு வந்துவிடும், பி.ஓ.வில் (பையர் கொடுத்த ஆர்டர் பத்திரம்) அதற்குத் தனியாக ஒரு ஷரத்து இருக்கும், முதலில் அதை எடுத்துப் படியுங்கள். லேப் டிப் அப்ரூவல் வந்த தேதி இருக்கிற மெயிலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மூன்று வரிக்கு “நோட்டட் வித் தேங்க்ஸ்” என்று பதில் போட்டுவிடாதீர்கள். அந்த ‘வீ’யில் உங்களையும் சேர்த்து நீங்களே ஒத்துக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டால் அப்புறம் பேச வாயில்லை.


நெட்டைக்கோபுரம், விஜயமங்கலம்:

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழில் குழப்பத்துக்கே இடமில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். பெயர்ச்சொல்லைப் போட்டுச் சொல்லும்போது உண்மைதான். ஆனால் அதை விட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள். “கோயிலுக்குப் போகிறோம்.” யார் போகிறார்கள்? நாமா, நாங்களா? வினைமுற்று இரண்டுக்கும் ஒன்றுதான், ‘ஓம்’ என்றே முடிகிறது. நாம் போனோம், நாங்கள் போனோம். போனில் ஒருவர் “சாயங்காலம் கெளம்பறோம்” என்றால் நாம் பையை எடுத்து வைக்க வேண்டுமா வேண்டாமா என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

முன்பு அப்படி இல்லை. நன்னூல் இதை வினை விகுதியிலேயே பிரித்து வைத்திருக்கிறது. அம், ஆம் என்ற விகுதிகள் முன்னிலையாரை, அதாவது எதிரே நின்று கேட்பவரைத் தன்னோடு சேர்க்கும்: யானும் நீயும் உண்பம், உண்பாம். எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரைச் சேர்க்கும்: யானும் அவனும் உண்டனெம், உண்டேம், உண்டோம். கும், டும், தும், றும் என்பவை இரு சாராரையும் சேர்க்கும்: யானும் நீயும் அவனும் உண்கும். இவற்றுக்குப் பொதுவாக நூல் சொல்கிற பெயர் “தன்னொடு படுக்கும் தன்மைப் பன்மை”. எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள், நீயும் நானும் ஒரு கூட்டு, நானும் அவனும் வேறு கூட்டு, மூவரும் சேர்ந்தால் இன்னொரு கூட்டு. பெயரே சொல்லாமல் வினையை மட்டும் சொன்னாலும் யார் யார் என்று தெரிந்துவிடும். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் “யானும் நீயும் எவ்வழி அறிதும்” என்கிறானே தலைவன், அந்த ‘அறிதும்’ என்பதில் இருக்கிற ‘தும்’ இந்த வரிசையில் வருவதுதான்.

இப்போது நம்மிடம் மிஞ்சியிருப்பது ‘ஓம்’ ஒன்றுதான். நன்னூல் கணக்குப்படி அது கேட்பவரைச் சேர்க்காத விகுதி. அதையே இன்று நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் போட்டுப் பேசுகிறோம், வேலை முழுவதையும் பெயர்ச்சொல் சுமக்கிறது. அந்தப் பெயரிலும் மாற்றம் நடந்திருக்கிறது. நன்னூல் காட்டும் தன்மைப் பெயர்கள் யான், நான், யாம், நாம் ஆகிய நான்கே, ‘நாங்கள்’ அதில் இல்லை. கேட்பவரை விலக்கிச் சொல்ல யாம் இருந்தது, அது பேச்சிலிருந்து போன பிறகு அந்த இடத்துக்கு வந்ததுதான் நாங்கள். யாம் முழுவதும் போய்விடவில்லை என்பதற்கு அடையாளம் உண்டு: நாங்கள் என்பதற்கு வேற்றுமை உருபு சேர்த்தால் ‘நாங்களுக்கு’ என்று வருவதில்லை, ‘எங்களுக்கு’ என்றுதான் வருகிறது. யாம் என்பது எம் ஆகும், அந்த எம்தான் எங்களுக்குள் இருக்கிறது.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பெருந்துறையிலிருந்து போகிற வழிதான். அந்தப் பக்கம் போகிற நம்மவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.


பீளமேட்டுப் பேனா, கோயம்புத்தூர்:

விஜயமங்கலத்து ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி. நான் மொழிபெயர்ப்பு செய்கிறேன், இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு, கையேடு, பயிற்சிப் புத்தகம், ஆய்வறிக்கை என்று எது வந்தாலும். தம்பிக்கு ஒரு மெயிலில் வந்த பிரச்சினை எங்கள் தொழிலில் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

ஒரு உதாரணம். விவசாய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தமிழில் செய்யும்போது, “வீ ஸ்ப்ரேட்” என்று வந்தால் மருந்தடித்தது ஆய்வாளர்கள், படிக்கிறவர் அந்த வயலில் இல்லை, ஆகவே ‘தெளித்தோம்’ என்பதற்கு முன்னால் ‘நாங்கள்’ போட வேண்டும். அதே கட்டுரையில் நான்கு வரி தள்ளி “ஆஸ் வீ சீ இன் டேபிள் 2” என்று வரும். அட்டவணையைப் பார்ப்பது எழுதியவர் மட்டுமில்லை, படிக்கிறவரும்தான், அங்கே ‘நாம்’ வர வேண்டும். இதைக் கவனிக்காமல் முழுக்க ‘நாங்கள்’ என்றே தள்ளிவிட்டால், படிக்கிற விவசாயிக்கு அட்டவணையை அவர்கள் மட்டும் பார்த்துக்கொண்டு தன்னை வெளியே நிறுத்தி வைத்திருப்பது போலிருக்கும். மிஷின் மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான். கடை விளம்பரத்தில் “வீ கேர் ஃபார் யூ” என்பதற்கு ‘நாம் உங்களைக் கவனித்துக்கொள்கிறோம்’ என்று வந்துவிட்டால் அந்த வாக்கியம் நிற்கவே நிற்காது, உங்களை என்று எதிரே நிறுத்திவிட்டு நாம் என்று உள்ளே இழுப்பது எப்படி?

பைபிள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது இன்னும் பெரிய பொறுப்பு. தமிழில் கர்த்தருடைய ஜெபம் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்குகிறது. பேச்சு கடவுளிடம், அவரைச் சேர்த்து ‘நம்முடைய பிதா’ என்று சொல்ல முடியாது. இங்கிலீஷில் படிக்கிறவருக்கு அங்கே ஒரு தேர்வு நடந்திருக்கிறது என்பதே தெரியாது. அதைவிட எனக்குப் பிடித்த இடம் மாற்கு 4ஆம் அதிகாரம். புயல் அடிக்கிறது, படகு தண்ணீரால் நிறைகிறது, இயேசு பின்பக்கத்தில் தூங்குகிறார், சீஷர்கள் எழுப்பி, மடிந்துபோகிறோமே கவலையில்லையா என்று கேட்கிறார்கள். அவரும் அதே படகில்தான் இருக்கிறார். அப்படியானால் ‘நாம் மடிந்துபோகிறோம்’ என்றா சொல்வார்கள், இல்லை இவருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி ‘நாங்கள்’ என்கிறார்களா? மூலத்தில் கிரேக்கம், அதிலும் இங்கிலீஷ் போலவே ஒரே வடிவம்தான், ஒரு துப்பும் கிடைக்காது. தமிழில் “நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று போட்டார்கள். அந்த ஒரு சொல்லில் சீஷர்கள் அவரை யார் என்று நினைத்தார்கள் என்பதே அடங்கியிருக்கிறது. மூலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

நம் அரசியலமைப்பின் முகவுரையும் அப்படித்தான். “வீ, த பீப்பிள் ஆஃப் இந்தியா” என்பதைத் தமிழில் “இந்திய மக்களாகிய நாம்” என்கிறோம். நாங்கள் என்று போட்டிருந்தால் யாரிடமோ மனுக் கொடுப்பது போல ஆகியிருக்கும்.

தம்பிக்கு நடைமுறை யோசனை: தெரியாத ‘வீ’யைத் தெரியாததாகவே தமிழில் சொல்லவும் வழி உண்டு. ஆளைக் குறிக்காமல் “ஏரில் அனுப்ப வேண்டியிருக்கும் என்கிறார்கள்” என்று முதலாளியிடம் சொல்லுங்கள். நாம் என்றோ அவர்கள் என்றோ நீங்களாகச் சேர்க்காதீர்கள். கூடவே, “யார் செலவு என்று மெயிலில் சொல்லவில்லை, கேட்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள்.


நொய்யல்கரை, திருப்பூர்:

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பேனா அக்கா சொன்ன மாதிரியே முதலாளியிடம் சொன்னேன். “கேட்டு எழுது, ஆனா நம்ம மேல வாங்கிக்கற மாதிரி எழுதிறாதே” என்றார். பி.ஓ.வையும் எடுத்துப் பார்த்தோம், சப்ளையரால் தாமதமானால் ஏர் செலவு சப்ளையருடையது என்று இருக்கிறது, பையரால் தாமதமானால் என்று எதுவுமே இல்லை.

இப்போது நான் எழுதும்போதும் இதே சிக்கல் வருகிறது. “வீ ஷுட் ஷேர் த காஸ்ட்” என்று நான் எழுதினால் அவர்களும் சேர்த்து என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்களா? கோபி சார், நான் எழுதுகிற ‘வீ’யை எப்படிக் கட்டி நிறுத்துவது?


கரட்டூர், கோபி:

‘ஷேர்’ என்ற வினை இருப்பதால் அந்த வாக்கியத்தில் பயமில்லை, பங்கிடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் பணம் சம்பந்தமான மெயிலில் ‘வீ’யை நம்பி எதையும் எழுதாதீர்கள் என்பேன். ஒப்பந்தங்களில் பாருங்கள், ‘த செல்லர்’, ‘த பையர்’ என்று பெயர் வைத்துத்தான் கடைசிவரை எழுதுவார்கள். பேங்க், இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் எளிய நடைக்காக ‘வீ’, ‘யூ’ என்று எழுதினாலும், முதல் பக்கத்திலேயே ‘வீ’ என்றால் கம்பெனி, ‘யூ’ என்றால் பாலிசிதாரர் என்று வரையறை போட்டுவிடுவார்கள். அந்தச் சொல்லால் எவ்வளவு வம்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். “ப்ளீஸ் கன்ஃபர்ம் வெதர் த ஏர் ஃப்ரைட் வில் பி ஆன் யுவர் அக்கவுண்ட்” என்று கேளுங்கள், அதில் ‘வீ’யே இல்லை. உங்கள் கம்பெனியை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘அட் அவர் எண்ட்’ என்றோ, ‘வீ அட் த ஃபேக்டரி’ என்றோ ஒரு வாலைச் சேருங்கள். இரண்டு தரப்பையும் சொல்ல வேண்டுமானால் ‘போத் ஆஃப் அஸ்’, ‘யூ அண்ட் அஸ்’. தனியாக ‘வீ’ என்று நிற்க விடாதீர்கள்.

‘யூ’வையும் கவனியுங்கள், அதிலும் இதே நோய். எதிரே இருக்கிற ஒருவரா, அவருடைய கம்பெனி மொத்தமுமா என்று தெரியாது. முன்பு ஒருமைக்கு ‘தௌ’ என்று தனியாக வைத்திருந்தார்கள், அது போன பிறகு பன்மையைக் காட்ட ஆளுக்கு ஆள் ஒன்று உண்டாக்கிக்கொண்டார்கள், அமெரிக்கத் தெற்கில் ‘யால்’, வேறு பக்கம் ‘யூ கைஸ்’ என்று. ஆனால் ‘வீ’க்கு இங்கிலீஷ்காரர்கள் அப்படி ஒன்றையும் உண்டாக்கிக்கொள்ளவில்லை.


அவிநாசி ரோடு, கிள்ளான்:

கோபி சாருக்கு ஒரு சின்னத் தொடர்ச்சி. இங்கிலீஷ்காரர்கள் உண்டாக்கவில்லை, ஆனால் இங்கிலீஷ் சொற்களை எடுத்துக்கொண்டு வேறொருவர் உண்டாக்கியிருக்கிறார்கள். பாப்புவா நியூ கினியாவில் பேசுகிற டோக் பிசின் மொழியில் நாம் என்பதற்கு ‘யூமி’, அதாவது ‘யூ’வும் ‘மி’யும். நாங்கள் என்பதற்கு ‘மிபெலா’, ‘மி’யோடு ‘ஃபெல்லோ’ என்ற சொல் தேய்ந்து ஒட்டியது. அந்தத் தீவுகளின் தாய்மொழிகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது, அது இல்லாமல் அவர்களுக்குப் பேச்சு ஓடவில்லை, இங்கிலீஷில் இல்லை என்றதும் இங்கிலீஷ் சொற்களை வைத்தே செய்துகொண்டார்கள். பக்கத்துத் தீவு நாடான வனுவாட்டுவின் தேசிய கீதமே ‘யூமி, யூமி, யூமி’ என்றுதான் தொடங்கும்.

நான் வேலை பார்ப்பது மலேசியாவில். மலாயில் ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிற பையன்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கும்போது இந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகாது, வடக்கேயிருந்து இந்தி பேசி வருகிறவர்களுக்கு ‘ஹம்’ என்று ஒன்றே இருப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. மலாய்க்கார சக ஊழியர்கள் இங்கிலீஷ் மெயில் படிக்கும்போது தம்பி கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், “இது கித்தாவா காமியா” என்று.


சிங்காநல்லூர் குளம்:

எங்கள் வீட்டில் தெலுங்கு. ‘மனமு’ என்றால் நாம், ‘மேமு’ என்றால் நாங்கள், ஆகவே தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறும்போது எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மலையாளத்திலும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள், பாலக்காட்டுக்காரர்களோடு பேசுகிறவர்களுக்குத் தெரியும். கன்னடத்தில்தான் இன்று ‘நாவு’ ஒன்றே. திராவிட மொழிகளிலேயே ஒன்று அதை விட்டுவிட்டது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதே நேரத்தில் வடக்கே மராத்தியும் குஜராத்தியும் இந்தப் பிரிவை வைத்திருக்கின்றன, மராத்தியில் ‘ஆபண்’ நாம், ‘ஆம்ஹி’ நாங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம் நான் “எங்க வீட்ல” என்று சொன்னால் அது அம்மா வீடு, “நம்ம வீட்ல” என்றால் நாங்கள் குடியிருக்கிற வீடு. இன்று அம்மாவிடம் போனில் பேசும்போது “எங்க வீட்ல” என்றால் அது மாமியார் வீடு. யாரிடம் சொல்கிறேன் என்பதைப் பொறுத்து ஒரே சொல்லுக்கு வீடு மாறிவிடுகிறது, அதற்காக நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற என் மகள் வீட்டில் தமிழ் பேசும்போது, என்னிடமே வந்து “நாங்க எப்பம்மா ஊருக்குப் போறோம்” என்று கேட்கிறாள், என்னையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு தடவையும் “நாம எப்போ போறோம்னு கேளு சாமி” என்று திருத்துகிறேன். இது அவள் வாயிலிருந்து போய்விடக் கூடாது என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. வீட்டில் திருத்த ஆளிருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் இரண்டு தலைமுறையில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும்.


நொய்யல்கரை, திருப்பூர்:

பதில் வந்துவிட்டதுங்க. கோபி சார் எழுதிக்கொடுத்த வாக்கியத்தோடு லேப் டிப் அப்ரூவல் தேதியையும் சேர்த்து அனுப்பினேன். முதல் வரி ‘வீ’க்கு அவர்கள் மனதில் இருந்தது இரண்டு தரப்பும்தான். கடலில் போயிருந்தால் ஆகியிருக்கும் ஃப்ரைட்டை அவர்கள் கட்டுவார்களாம், ஏருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அவர்கள், பாதி எங்கள் கம்பெனி. மேனேஜர் பயந்தபடி மொத்தமும் எங்கள் மேல் விழவில்லை, நான் நினைத்தபடி மொத்தமும் அவர்கள் ஏற்கவும் இல்லை. முதலாளி ஒத்துக்கொண்டார்.

அந்தப் பதிலின் கடைசி வரி: “வீ வில் ரெய்ஸ் த டெபிட் நோட் ஆஃப்டர் டெலிவரி.” இதில் சந்தேகமில்லை, டெபிட் நோட், அதாவது எங்கள் பங்குத் தொகைக்கான சீட்டு, போடுவது அவர்கள், முதலாளியிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.


கன்டெய்னர்புள்ளி, தூத்துக்குடி ரோடு:

நல்லதுங்க. டெபிட் நோட் வருவதற்கு முன்னால் ஏர்வே பில் (விமானத்தில் சரக்கு அனுப்பியதற்கான சீட்டு) நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏரில் நிஜ எடை, கன அளவுக்கான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு, பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான் கிலோவில் கன அளவுக்கான எடை. அந்தக் கணக்கு கையில் இருந்தால் பாதி என்று அவர்கள் போடுகிற தொகை சரிதானா என்று நீங்களே பார்த்துவிடலாம்.